லினக்ஸ் டிரைவரில் எல்லா விவரத்தையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைக்கலாமா?

ஸ்ட்ரக்ட் என்பது பல மாறிகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் சி மொழி அமைப்பு. சின்ன டிரைவர் என்றால் தாராளமாக வைக்கலாம். குளோபல் மாறிகளாகக் கொட்டி வைக்காமல் இருந்தால் சரி. குளோபலாக எழுதிய டிரைவரில் ஒரே மாதிரி யூஎஸ்பி கருவி இரண்டைச் செருகினால், ஒன்றின் நிலையை இன்னொன்று அழித்துவிடும். கருவி கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் புரோப் ஓடும்போது, கருவிக்கு ஒன்றாக பிரைவேட் ஸ்ட்ரக்ட் (டிரைவரின் சொந்த விவரங்களுக்கானது) ஒதுக்குவதுதான் வழக்கம்.

டிரைவர் வளர்ந்தால், நான் ஆயுளை வைத்துத்தான் பிரிப்பேன். கருவி இருக்கும்வரை தேவைப்படுவது பிரைவேட் ஸ்ட்ரக்டில். ஓப்பன் முதல் குளோஸ் வரை மட்டும் தேவைப்படுவது தனி ஸ்ட்ரக்டில். ஃபைல் ஆபரேஷன்ஸ் (ஓப்பன், ரீட் போன்றவற்றுக்கு எந்த ஃபங்ஷன் என்ற பட்டியல்) போன்ற மாறாத அட்டவணைகள் கான்ஸ்ட்.

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் மாட்டுவது டெவ்எம் ஒதுக்கீட்டில், அதாவது டிரைவர் விலகும்போது கெர்னலே தானாக விடுவிக்கும் நினைவகத்தில். கருவியைப் பிடுங்கியதும் டிரைவர் விலகும், அந்த நினைவகமும் உடனே விடுவிக்கப்படும். ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் ஃபைலை இன்னும் திறந்தே வைத்திருக்கும். அடுத்த ரீட் செத்த நினைவகத்தைத் தொடும். அதனால் யூசர் புரோகிராம் திறக்கக்கூடிய கருவி என்றால் பிரைவேட் ஸ்ட்ரக்டுக்குள் கேரெஃப் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு வைக்கும் கெர்னல் எண்ணி) வையுங்கள்: ஓப்பனில் கூட்டி, ரிலீஸில் குறைத்து, கடைசியாகக் கைவிடுபவர் விடுவிக்கட்டும். ஆனால் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் இப்படி ரெஃப்கவுண்ட் (பயன்படுத்துவோர் எண்ணிக்கை) உள்ள பொருள் இரண்டைப் பொதிந்தால், எதன் எண்ணிக்கையை நம்பி விடுவிப்பது என்று தலைவலி வரும்.

வொர்க் (பிறகு செய்யத் தள்ளிவைத்த வேலை), டைமர், லிஸ்ட்ஹெட் (பட்டியலில் கோக்கும் இணைப்பு) இவற்றைப் பாயிண்டராக வைக்காமல் அப்படியே பொதியுங்கள். கால்பேக்குக்கு வொர்க்கின் முகவரிதான் வரும். அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்துத் தாய் ஸ்ட்ரக்டைக் கண்டுபிடிக்க கன்டெய்னர்ஆஃப் இருக்கிறது.

டிஎம்ஏ பஃபரை, அதாவது பிராசஸர் இல்லாமல் கருவியே நேராகப் படித்து எழுதும் நினைவகத்தை, மட்டும் இந்த ஸ்ட்ரக்டில் சேர்க்காதீர்கள். கேஷ் கோஹெரன்ட் இல்லாத (கருவி எழுதியது பிராசஸரின் கேஷுக்குத் தானாகத் தெரியாத) ஆர்ம் போர்டில், 64 பைட் கேஷ் லைன் ஒன்றை பஃபரும் பக்கத்து ஃபீல்டும் பங்கிட்டுக்கொண்டால், கேஷில் உள்ள பிரதியை இன்வேலிடேட் செய்யும்போது (தூக்கி எறியும்போது) அந்த ஃபீல்டில் இப்போதுதான் எழுதிய மதிப்பு காணாமல் போகும். எக்ஸ்86 கணினியில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. பஃபருக்குத் தனியாக கேமாலக் (கெர்னலின் நினைவக ஒதுக்கீடு) செய்துவிடுங்கள்.

அப்புறம், ஒரே ஃபீல்டை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் லாக். அது காக்கும் ஃபீல்டுகளுக்குப் பக்கத்திலேயே, எதைக் காக்கிறது என்ற கமென்ட்டோடு இருக்கட்டும். கெர்னல் கோடின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஸ்ட்ரிக்ட்டாக ஓட்டினால் அதுவே கேட்கும்.

ஸ்ட்ரக்டில் ஃபீல்டுகளுக்கு இடையே எங்கே வெற்றிடம் (வீணாகும் பைட்டுகள்) என்று பஹோல் என்ற டூல் காட்டும். கருவிக்கு ஒன்றே இருக்கும் ஸ்ட்ரக்டில் 4 பைட் மிச்சப்படுத்த நான் வரிசையைக் குலைக்க மாட்டேன். நெட்வொர்க் பாக்கெட்டுக்கு ஒன்று ஒதுக்குவதாக இருந்தால் நிச்சயம் பார்ப்பேன்.