டார்வின் பக்கம் கொடுவா பிடிக்கப் போகிறீர்களா? லூரைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: "ஜூலையில் மெல்பர்னிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் டார்வின் போகிறோம். அங்கே வண்டி வாடகைக்கு எடுத்து, ஐந்து நாள் ஒதுக்குப்புறமாகக் கூடாரம் போட்டு பாரமுண்டி பிடிக்கத் திட்டம். எந்த ராடு, எந்த லூர் நல்லது?"

இந்தக் கேள்வியை எல்லோரும் லூரில், அதாவது செயற்கை இரையில்தான் தொடங்குகிறார்கள், அதுதான் எரிச்சல். எந்தச் சாலை திறந்திருக்கும், யாருடைய நிலத்தில் நுழைகிறீர்கள், ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிறகு பேச வேண்டியது அது. பாரமுண்டி நம் ஊர்க் கொடுவாதான். பழவேற்காட்டில் பிடித்த அனுபவம் இருந்தால் கை பழகியிருக்கும். இடம் பழகியிருக்காது.

முதலில் பருவம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மழை ஓய்ந்து, மார்ச் முதல் மே வரை வெள்ளச் சமவெளித் தண்ணீர் சிறு ஓடைகள் வழியாக ஆற்றில் வடியும்போதுதான் கொடுவா வெறியோடு கடிக்கும். ஓடை வாயில் தெளிந்த நீரும் கலங்கல் நீரும் சந்திக்கும் கோட்டில், அடித்துவரும் குஞ்சுமீனுக்காக அது காத்து நிற்கும். ஆனால் அப்போது பாதி மண்சாலைகள் மூடிக் கிடக்கும். ஜூலையில் சாலை திறந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாகிவிடும். மீன்தான் முக்கியம் என்றால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளுங்கள். அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை மேரி, டேலி ஆறுகளின் சில பகுதிகளில் கொடுவா பிடிக்கத் தடை உண்டு. டிக்கெட் எடுத்தாயிற்று என்றால் ஜூலையிலேயே போங்கள், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு.

இடத்துக்கு என் யோசனை மேரி ஆறு. கொரோபோரி பில்லாபாங் (பில்லாபாங் என்றால் ஆற்றோரத் தேக்கநீர்க் குளம்), ஷேடி கேம்ப் இரண்டும் அதில்தான். டார்வினிலிருந்து அரைநாளுக்குள் போய்விடலாம். ககாடு தேசியப் பூங்காவும் நல்ல இடம், ஆனால் அதற்குள் வலை, நண்டுக்கூடு, உயிர் இரை எதுவும் கூடாது. கோபர்க் தீபகற்பம் போக வேண்டும் என்று யாராவது ஆசை காட்டியிருப்பார்கள். அது ஆர்ன்ஹெம் லேண்ட் என்ற பழங்குடி நிலத்தின் வழியாகப் போகிற பாதை. அனுமதிச் சீட்டுக்கு வாரக்கணக்கில் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. போகும் வழியில் கேஹில்ஸ் கிராஸிங்கில் ஓதம் பார்த்துத்தான் ஆற்றைக் கடக்க முடியும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

"இங்கே மீன்பிடிக்க லைசென்ஸே கிடையாதே" என்று ஒருவர் கட்டாயம் பின்னூட்டம் போடுவார். உண்மைதான். டார்வின் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரியில் பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்கவோ படகு ஓட்டவோ லைசென்ஸ் தேவையில்லை. அதனால் விதியே இல்லை என்று ஆகிவிடாது. கொடுவா 55 செ.மீ.க்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடியது பொதுவாக 5, மேரி, டேலி பகுதிகளில் 3. பழங்குடி நிலத்தை ஒட்டிய கடலோரம் என்றால் 2008-ல் உயர் நீதிமன்றம் தந்த ப்ளூ மட் பே தீர்ப்பு இருக்கிறது: ஓதம் ஏறி இறங்கும் நீரும் அந்த நில உரிமையில் அடக்கம். தண்ணீர் பொதுச்சொத்து என்ற வாதம் அங்கே எடுபடாது. வெளிமாநிலத்தவர்களுக்கு 2023 முதல் பூங்கா பாஸும் உண்டு.

அடுத்தது வண்டி. வாடகை ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: மண்சாலையில் ஓட்டலாமா, தண்ணீரைக் கடந்தால் காப்பீடு செல்லுமா, இருட்டிய பிறகு ஓட்டத் தடையா, படகு ட்ரெய்லர் இழுக்கலாமா. பெரும்பாலும் தண்ணீர்ச் சேதம் முழுக்க உங்கள் தலையில்தான் விழும். அந்தி சாய்ந்தால் எருமையும் கங்காருவும் சாலைக்கு வரும், இரவுத் தடை அதனால்தான். தாரில் 36 முதல் 40 பி.எஸ்.ஐ. இருக்கும் டயர் காற்றை மண்சாலையில் 28, 30-க்கு இறக்கி, 80 கி.மீ.க்குள் ஓட்டுங்கள். திரும்பத் தார்ச்சாலை ஏறியதும் கம்ப்ரசரால் நிரப்பியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னி ஒன்றுதான் தருவார்கள், இரண்டு கேளுங்கள். ட்ரெய்லர் இழுத்தால், வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் சக்கரத்தின் நடு மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது.

தண்ணீர், ஆளுக்கு நாளுக்கு 7 லிட்டர். நான்கு பேருக்கு ஐந்து நாள் 140, கையிருப்பாக ஒரு கேன் சேர்த்து 160. இருபது லிட்டர் கேன் எட்டாகக் கொண்டுபோங்கள், ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும். அதுவே 160 கிலோ. ஆட்கள் 320 கிலோ. இதற்கு மேல் ஐஸ்பெட்டி, கூடாரம், டீசல். வண்டியின் பாரத் திறனைப் பார்த்துவிட்டுப் பிறகு பிரியாணி அண்டாவைப் பற்றி யோசியுங்கள். ஆற்றில் மொண்டுகொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

ஏனென்றால் முதலை. "இவன் சும்மா பயமுறுத்துகிறான், நாங்கள் வருஷா வருஷம் போகிறோம்" என்பவர்களுக்கு: சரி, போங்கள், நான் முதல் தடவை போகிறவருக்கு எழுதுகிறேன். ஷேடி கேம்ப் உப்புநீர் முதலைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. கேஹில்ஸ் கிராஸிங்கை நடந்து கடந்த ஒருவர் 2017-ல் முதலைக்கு இரையானார். கூடாரம் நீர்விளிம்பிலிருந்து 50 மீட்டராவது தள்ளி, கரை மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். கரையில் நின்று தூண்டில் போட்டால் 5 மீட்டர் பின்னால் நில்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு இறங்காதீர்கள். முதலை வழக்கத்தைக் கவனிக்கும்.

ஆபத்தான நிமிடம் எது என்றால், படகை இறக்கும் சரிவு. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், ஒருவர் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தபடி, ஒருவர் ட்ரெய்லரின் இழுவைக் கம்பிமேல் ஏறி நின்று விஞ்ச் கொக்கியைக் கழற்ற வேண்டும். முன்கயிறு முதலிலேயே கரைமேல் இருப்பவர் கையில் இருக்கட்டும். யாருடைய காலும் தண்ணீரில் படக்கூடாது. கடைசியாக, மூழ்கிய மரத்தில் லூர் மாட்டினால் நூலை அறுத்துவிடுங்கள். முப்பது டாலர் லூருக்காகத் தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

ஷேடி கேம்ப் தடுப்பணைக்குக் கீழே உப்புநீர்ப் பகுதி. டார்வின் ஓத அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள். ஆற்றுக்குள் ஏற்றமும் வற்றமும் மணிக்கணக்கில் பிந்தும். டார்வினில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 8 மீட்டர் வரை போகும், வற்றத்தில் சேற்றுத்திட்டில் படகு அமர்ந்தால் அடுத்த ஏற்றம்வரை படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வற்றத்தின் கடைசி ஒரு மணி நேரமும் ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரமும் மீனுக்கு நல்லது. படகை மிதக்க வைப்பதற்கும் அந்தக் கணக்கையே பாருங்கள்.

லூர்: 10 முதல் 12 செ.மீ., இரண்டு மூன்று மீட்டர் ஆழம் போகும் கடின உடல் லூர், சில சாஃப்ட் பிளாஸ்டிக். 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), அதன் முனையில் 50 பவுண்டு லீடர் (தடித்த நூல்). செவுள்மூடியின் ஓரம் பிளேடு மாதிரி, மெல்லிய லீடரை அறுத்துவிடும், விரலையும்தான். ஜூலையில் பில்லாபாங்கின் ஆழமான பள்ளங்களில், வெயில் ஏறிய பிறகு, மெதுவாக இழுங்கள்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று: நார்தர்ன் டெரிட்டரி உணவகங்களில் மீன் இறக்குமதியா என்று பட்டியலில் சொல்வது 2008 முதல் கட்டாயம். தெற்கே பெருநகரங்களில் எவ்வளவு காலமாக, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே "பாரமுண்டி" என்று விலை போட்டுத் தள்ளினார்கள்! கேட்டால் நம்மைத்தான் முறைப்பார்கள்.

மருந்துப்பெட்டியில் அகலமான அழுத்தக் கட்டு மூன்று வையுங்கள். பாம்பு கடித்தால் கழுவாமல் கை அல்லது கால் முழுக்கச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். தூண்டில் முள்ளை வெட்டும் கட்டரும் வேண்டும். போன் சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோளுக்கு அபாயச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி ஒன்றைப் பதிவு செய்து, பையில் போடாமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய கொடுவா பெரும்பாலும் பெட்டை. ஆணாகப் பிறந்து வளர்ந்த பிறகு பெட்டையாக மாறுகிற மீன் இது, பெரியதை விட்டுவிடுவது நல்லது. சாப்பிட உப்புநீர்ப் பகுதியின் வெள்ளி நிற மீன்தான் ருசி. பில்லாபாங் மீனில் சேற்று வாடை அடிக்கும். பிடித்ததும் செவுளுக்குக் கீழே வெட்டி இரத்தத்தை வடித்து, ஐஸ் இரண்டு பங்கு, உப்புநீர் ஒரு பங்கு கலந்த பெட்டியில் போடுங்கள். சுத்தம் செய்வதைக் கரையிலும் கூடாரத்தருகிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். குடலையும் செதிலையும் மூடி இறுகிய வாளியில் போட்டு வண்டியோடு கொண்டுபோய்விடுங்கள்.