எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு ஓடும்போது ரிமோட் இணைப்பு அறுந்துவிடுகிறது, சில நேரம் பவரும் போய்விடுகிறது. ரிமோட்டை மாற்றினால் சரியாகுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். 4,500 ரூபாய் கொடுத்துப் புது ரிமோட் வாங்கி, அதே இடத்தில் அதே மாதிரி விழுந்து, வலது முழங்கையில் ஏழு தையல் போட்டுக்கொண்டவன் சொல்கிறேன்.

பேட்டரி எத்தனை வோல்ட், பலகை வாங்கி எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆன்லைனில் வாங்கியது, வாரண்டி முடிந்துவிட்டது, விற்றவரிடம் கேட்டதற்கு "ரிமோட் கோளாறு" என்று ஒரே வரியில் பதில் வந்தது, மேடு ஏறும்போதோ சட்டென்று வேகம் கூட்டும்போதோதான் அறுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

எனக்கு ஊர் செங்கோட்டை. ஓர் அரிசி ஆலையில், நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, களம் காலியாக இருக்கும் நாட்களில் ஓட்டுகிறேன். முன்பு விடியற்காலையில் குண்டாறு அணைக்குப் போகும் சாலையிலும் ஓட்டியிருக்கிறேன். அது தவறு என்று எழுத வருபவர்கள் எழுத வேண்டாம், நிறுத்தி வெகு நாளாகிறது. பணக்காரர் விளையாட்டு என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒருவர் ஓட்டிப் பழகிய பலகையைப் பாதி விலைக்கு, எட்டு மாதம் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கினேன்.

மழைத் தண்ணீர் வடிவதற்காகக் களத்தில் ஒரு வாட்டம் விட்டிருப்பார்கள். அந்த வாட்டத்தில் மேல்நோக்கி வேகம் எடுக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் அறுந்தது. ரிமோட் கையில் அதிரும், திரையில் இணைப்பு இல்லை என்று காட்டும், முன்பக்கம் சாய்ந்து நிற்கும் உடம்பு அப்படியே முன்னால் போய் விழும். ரிமோட்தானே இணைப்பு இல்லை என்கிறது, ஆகவே ரிமோட்தான் கெட்டிருக்கிறது என்று நானும் நம்பினேன். இரண்டாவது ரிமோட்டோடும் விழுந்த பிறகு, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகனைச் சைக்கிளில் பின்னால் வரச் சொன்னேன். பலகையின் பக்கத்தில் இருக்கும் சிறிய நீல விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நாலாவது சுற்றில் கத்தினான். "மாமா, ரிமோட் சத்தம் போடுவதற்கு முன்பே விளக்கு அணைந்துவிட்டது!"

விஷயம் அவ்வளவுதான். ரிமோட்டோடு பேசும் ரிசீவருக்குத் தனி பேட்டரி கிடையாது. பலகையின் பெரிய பேட்டரியிலிருந்துதான் 5 வோல்ட்டாக இறக்கி அதற்கு மின்சாரம் போகிறது. பெரிய பேட்டரி ஒரு கணம் கைவிட்டால் விளக்கும் அணையும், ரிசீவரும் செத்துவிடும். எதிர்முனையில் ஆள் இல்லாததால் ரிமோட் இணைப்பு போய்விட்டது என்று சொல்லும். அது சொல்வது உண்மை, ஆனால் கோளாறு அதனிடம் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்க இணைப்பு மட்டும் போய், ஓரிரு நொடியில் தானாகத் திரும்பினால் அது வேறு நோய். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். ஒரு காலத்தில் ரேடியோ, பிறகு எமர்ஜென்சி விளக்கு, இப்போது வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் பழுது பார்க்கிறார். ஸ்கேட்போர்டை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். முதலில் என் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். லித்தியம் பேட்டரியின் இரண்டு முனைகளில் உலோகம் பட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பதினான்கு திருகுகளையும் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே 20 செல்கள், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்து ஜோடிகள். முழுதாக ஏறினால் ஜோடிக்கு 4.2, மொத்தம் 42 வோல்ட். மல்டிமீட்டரால் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டார். எல்லாம் 4.0. நான் சோர்ந்துபோனேன்.

"சும்மா இருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும் தம்பி. வேலை கொடுத்துப் பார்ப்போம்" என்றார். 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்புகள் மூன்றை வரிசையாகக் கோத்துப் பேட்டரியில் மாட்டினார். ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். பல்புகள் எரிய எரிய மறுபடி ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டார். 3.9, 3.9, 3.9 என்று வந்தது. ஏழாவது ஜோடி மட்டும் 3.4. வாட்டத்தில் ஏறும்போது மோட்டார்கள் 20 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது அந்த ஜோடி இன்னும் எவ்வளவோ கீழே போகும். பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ் சர்க்யூட், ஒரு ஜோடி எல்லைக்குக் கீழே போனாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடும். அதன் வேலையே அதுதான்.

டார்ச் அடித்து ஏழாவது ஜோடியைக் காட்டினார். இரண்டு செல்களையும் இணைக்கும் தகட்டின் ஓரம் செங்கல் நிறத்தில் பொரிந்து, ஒரு செல்லின் முனையை விட்டு மயிரிழை அளவு எழும்பியிருந்தது. ஒரே செல்தான் இருவர் பாரத்தையும் சுமந்துகொண்டிருந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் பக்கம் சாரல். பெய்வதே தெரியாது, ஆனால் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது.

தகட்டைச் செல்லோடு சேர்க்க ஸ்பாட் வெல்டிங் வேண்டும், சால்டரிங் இரும்பின் சூட்டைச் செல்லின் மீது காட்டக்கூடாது என்று அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி கட்டும் ஒரு சேட்டனிடம் போகச் சொன்னார். முனைகளை டேப் சுற்றி, பேட்டரியை மரப்பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை. புளியரை எஸ் வளைவில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். முன்னும் பின்னும் லாரிகள். எங்கள் மாவட்டத்து மலையை உடைத்த ஜல்லியும் எம்-சாண்டும் இரவும் பகலும் அந்த வழியாகத்தான் கேரளத்துக்குப் போகின்றன. சாலையோரத்து வயலில் நெல்பயிர் வெள்ளை பூத்து நிற்கிறது, அத்தனையும் கல்தூசி. 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து கொண்டுவந்து திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளம் வந்து அள்ளிக்கொண்டு போனது. தூசிக்கு உத்தரவு போட யாரும் இல்லை. மலையாளிகள் மீது எனக்குக் கோபம் என்று யாரும் திரிக்க வேண்டாம். என் பலகையைக் காப்பாற்றியவரே மலையாளிதான். மலையை விற்பவர்கள் நம் ஆட்கள்.

சேட்டனின் மேசையில் ஒரு கண்ணாடிக் கிளாஸில் உப்புத் தண்ணீர் இருந்தது. உள்ளே இரண்டு தகடுகள், இரண்டையும் அரத்தால் கீறிப் போட்டிருந்தார். ஒன்று துருப்பிடித்துத் தண்ணீரையே மஞ்சளாக்கியிருந்தது, மற்றது அப்படியே பளபளத்தது. துருப்பிடித்தது நிக்கல் பூசிய இரும்பு, மற்றது சுத்த நிக்கல். என் பேட்டரியில் இருந்தது முதல் வகை. அதே ரகத்தில் இரண்டு புதுச் செல்கள் எடுத்து, மற்ற ஜோடிகளின் வோல்டேஜுக்குச் சமமாக அவற்றைக் கொண்டுவந்த பிறகே சேர்த்தார். பழைய பேட்டரியில் புதுச் செல் சேர்க்கலாமா என்று இங்கே சிலர் கேட்பார்கள். முழுதாக மாற்றுவதுதான் நல்லது, என்னிடம் பணம் இல்லை, அவரும் அதைச் சொல்லித்தான் செய்தார். அந்த ஜோடியை இன்றும் மாதம் ஒருமுறை அளக்கிறேன்.

இதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு நொடி அறுந்தது. இந்த முறை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இதுதான் உண்மையான இணைப்புக் கோளாறு. மூடியைத் திறந்து பார்த்தால் ரிசீவரின் ஆன்டெனா சுருண்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களின் அடியில் கிடந்தது, மேலே அலுமினிய மூடி. இந்த ரிமோட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுபவை, அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. ஆன்டெனாவின் நுனியில் உறை நீக்கிய சுமார் 3 செ.மீ, அதாவது கால் பங்கு, நேராக இருக்க வேண்டும். அதை மோட்டார் வயர்களிலிருந்து விலக்கி, பிளாஸ்டிக் மூடி இருக்கும் முனைக்குக் கொண்டுபோய் டேப் ஒட்டினேன். உலோகம் மட்டுமல்ல, நம் உடம்பில் இருக்கும் தண்ணீரும் இந்த அலையைத் தடுக்கும். ரிமோட் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் சிறு பேட்டரியையும் ஏற்றி வையுங்கள். ரிமோட்டுக்காகச் செய்ய வேண்டியது இவ்வளவே.

நீங்கள் மலைப்பக்கத்தில் இருந்தால் இன்னொன்று. பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது சரிவில் இறங்காதீர்கள். பிரேக் பிடித்தால் மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். இடம் இல்லாத பேட்டரியில் வோல்டேஜ் எல்லை தாண்டினால் சர்க்யூட் துண்டித்துவிடும், பிரேக்கும் போய்விடும். சமதரையில் கொஞ்சம் ஓட்டிய பிறகு இறங்குங்கள்.

ஹெல்மெட், முழங்கை உறை போட்டுக்கொண்டு, யாரையாவது சைக்கிளில் பின்னால் வரச் சொல்லி, விளக்கு முதலில் போகிறதா ரிமோட் முதலில் கத்துகிறதா என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். உங்கள் பேட்டரியில் எத்தனை ஜோடி என்பதையும் சேர்த்து எழுதினால், எந்த பல்பை எப்படிக் கோப்பது என்று சொல்கிறேன்.