அப்லேஷன் முடிந்த பிறகும் படபடப்பு வருகிறதே? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எனக்கு 59 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் கோழி சிறகடிப்பதுபோல் துடிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுப்பதற்குள் அடங்கிவிடும். கேஸ் என்றார்கள், டென்ஷன் என்றார்கள். மூன்று வருடம் இப்படியே போனது. இதயத் துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற சின்னக் கருவியை ஒரு வாரம் மாட்டிய பிறகுதான், இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பிடிபட்டது. தப்புத் துடிப்பு பரவாமல் இதயத்துக்குள் தழும்பு போட்டுத் தடுக்கும் சிகிச்சைதான் அப்லேஷன். 2018-ல் ஒன்று, 2020-ல் இன்னொன்று செய்துகொண்டேன். நான் மருத்துவர் இல்லை. பட்டதையும், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நோயின் பெயரை ஏ-ஃபிப் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

அக்கா, அப்பாவுக்கு "எரித்துவிடலாம்" என்கிறார் டாக்டர். இதயத்தையா எரிப்பார்கள்? வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம்.

அந்த வார்த்தையைக் கேட்டு நானும் பயந்தேன் தம்பி. எரிப்பது மெல்லிய ஒரு கோட்டை மட்டும்தான். நுரையீரலிலிருந்து சுத்த ரத்தம் கொண்டுவரும் நான்கு ரத்தக் குழாய்கள் இதயத்தின் இடது மேலறையில் வந்து சேர்கின்றன. தப்புத் துடிப்பு பெரும்பாலும் அந்தக் குழாய் வாய்களிலிருந்துதான் கிளம்புகிறது. பிரான்சில் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998-ல் 45 நோயாளிகளிடம் இதைக் கண்டு சொன்னார்கள். அவர்கள் கண்ட தப்புப் புள்ளிகளில் 94 சதவீதம் அந்தக் குழாய்களில்தான் இருந்தன. வயலைச் சுற்றி வரப்பு போடுவதுபோல் குழாய் வாயைச் சுற்றித் தழும்பு போட்டுவிட்டால், உள்ளே கிளம்பும் மின்சாரம் வெளியே வராது. ரேடியோ அலைச் சூட்டால் செய்யலாம், பலூன் வைத்து உறையவைத்தும் செய்யலாம். மின் துடிப்பால் செய்யும் புது முறைக்கு அமெரிக்காவில் 2023 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

வலிக்குமா? முழு மயக்கமா?

அது மருத்துவமனையைப் பொறுத்தது. எனக்கு முதல் முறை அரை மயக்கம்தான். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே இருக்கும் ரத்தக் குழாய் வழியாகத்தான் இதயம்வரை மேலே போனார்கள். பலூன் உறையத் தொடங்கியதும், பெரிய ஐஸ் கட்டியைக் கடித்தால் நெற்றிப் பொட்டில் ஒரு வலி வருமே, அதுதான் வந்தது. வலது பக்கக் குழாய்க்குப் போனபோது என் வயிறு விக்கல்போலத் துள்ள ஆரம்பித்தது. ஒருவர் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். மூச்சை இயக்கும் நரம்பு அந்த இடத்தை ஒட்டிப் போகிறது. அதை வேண்டுமென்றே தூண்டிக்கொண்டே இருப்பார்கள். துள்ளல் குறைந்தால் நரம்பு பாதிக்கப்படுகிறது என்று பொருள், உடனே உறையவைப்பதை நிறுத்திவிடுவார்கள். இது தெரிந்தபின் அந்தக் கையை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

உண்மையில் கஷ்டம் அதற்கப்புறம்தான். காலை மடக்காமல் ஆறு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மகள் இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டி, ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் ஆனது. அப்படிக் கட்டுவது சகஜம். ஆனால் வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, ரத்தம் கசிந்தாலோ, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மூன்று வாரம் ஆகிறது மேடம். நேற்று மறுபடி இரண்டு மணி நேரம் படபடப்பு. அவ்வளவு செலவும் வீணா?

இந்த ஒரு கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. வீண் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். சூடு பட்ட தசை வீங்கியிருக்கும், புண் ஆறித் தழும்பாக வாரங்கள் ஆகும். அதுவரை இதயம் எரிச்சலோடுதான் இருக்கும். இந்தக் காலத்தில் வருவதைத் தோல்விக் கணக்கில் மருத்துவர்கள் சேர்ப்பதில்லை. முன்பு மூன்று மாதம் என்றார்கள், இப்போது எட்டு வாரம் என்கிறார்கள். எனக்கும் பத்தாம் நாள் வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மாத்திரையைக் கூட்டுவார், தேவைப்பட்டால் ஷாக் கொடுத்துத் தாளத்தைச் சரி செய்வார். வரும்போதெல்லாம் நேரத்தைக் குறித்து வையுங்கள், முடிந்தால் ஈசிஜி எடுங்கள்.

அதே சமயம் பொய் நம்பிக்கையும் தர மாட்டேன். விட்டு விட்டு வரும் ஏ-ஃபிப்பில், ஒரே அப்லேஷனில் ஒரு வருடம் தொல்லையில்லாமல் இருப்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர். நான் மற்ற மூன்று பேரில் ஒருத்தி. இரண்டாம் முறை உள்ளே போய்ப் பார்த்தபோது, நான்கில் இரண்டு குழாய்களின் வரப்பில் உடைப்பு இருந்தது. அதை அடைத்த பிறகுதான் நிம்மதி.

ஆறு மாதமாக எனக்கு ஒன்றுமே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்திவிட்டேன், சரிதானே அக்கா?

சரியில்லை. இன்றைக்கே உங்கள் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். படபடப்பு வேறு, பக்கவாத ஆபத்து வேறு. இடது மேலறையின் ஓரத்தில் பைபோல ஒரு மூலை இருக்கிறது. ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ-ஃபிப் இருந்தால் அந்த ஆபத்து ஐந்து மடங்கு வரை கூடும். அப்லேஷன் முடிந்து குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் மாத்திரை வேண்டும். அப்புறம் தொடர்வதா என்பதை வயது, பிரஷர், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா, இதயம் பலவீனமா என்று கூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். துடிப்பு அடங்கியதை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. தெரியாமலே ஏ-ஃபிப் வந்து போவதும் உண்டு. எனக்குப் பிரஷரும் சர்க்கரையும் இருப்பதால் இன்றும் காலை, இரவு அபிக்ஸாபான் என்ற ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறேன். பல் பிடுங்குவதற்குக்கூட நானாக நிறுத்துவதில்லை.

முன்பு நாடித்துடிப்பு 62. இப்போது சும்மா இருக்கும்போதே 78.

பயப்பட வேண்டாம். துடிப்பை மெதுவாக்கும் நரம்பு முடிச்சுகள் அந்தக் குழாய்களை ஒட்டியே இருக்கின்றன, அவையும் கொஞ்சம் அடிபடும். பெரும்பாலும் சில மாதங்களில் இறங்கும்.

எதற்கெல்லாம் உடனே ஓட வேண்டும்?

மூச்சுத் திணறல், மயக்கம், பேச்சுக் குழறல், கை கால் இழுத்தல் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சமயத்தில் அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சு வலி வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். இதயத்தின் பின்னாலேயே உணவுக் குழாய் இருக்கிறது, சூட்டில் அங்கே ஓட்டை விழக்கூடும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவுதான், ஆனால் உயிரை எடுத்துவிடும். அப்லேஷன் செய்ததைச் சொல்லி சிடி ஸ்கேன் கேளுங்கள். அதற்கு முன் எண்டோஸ்கோப்பி வேண்டாம், அது ஆபத்தைக் கூட்டும்.

அம்மாவுக்குச் சிறுவயது வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி ஏ-ஃபிப். அவருக்கும் இது பொருந்துமா?

அவர் கதை வேறு. முதலில் வால்வுக்குத்தான் வைத்தியம். வால்வுச் சுருக்கம் அதிகமாக இருந்தால் நான் போடும் புது மாத்திரைகளும் அவருக்கு ஆகாது. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்ற பழைய மாத்திரைகள்தான், ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனையும் தவறக் கூடாது.

கணவர் 96 கிலோ, குறட்டை வேறு. எடை குறைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களோ?

இல்லை அம்மா, நல்ல டாக்டர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015-ல் வந்த ஆய்வில், எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்குத் தொல்லையில்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது. உங்கள் கணவருக்கு அது பத்து கிலோகூட இல்லை. குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் ஏ-ஃபிப் திரும்பி வரும். மது இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

பேத்தியை எப்போது தூக்கலாம் அக்கா?

ஒரு வாரம் பொறுங்கள். அதுவரை உட்கார்ந்த இடத்திலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள், யாராவது எடுத்துக் கொடுக்கட்டும்.