ஆறு மா நிலத்தை ஒத்திக்கு வைக்காதீர்கள், ஐயா

மன்னார்குடிப் பக்கத்து அப்பா ஒருவர் கேட்கிறார்: ஆறு மா நஞ்சையை ஒத்திக்கு வைத்து, மகளைச் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா? 'இப்ப விட்டா சீட் போயிடும்' என்று மச்சான் அவசரப்படுத்துகிறாராம். பயப்படாதீர்கள் ஐயா, பிள்ளை நன்றாக வருவாள். ஆனால் நிலத்தில் கை வைக்காதீர்கள். திருப்பிக் கட்டப்போவது மச்சான் இல்லை.

பிள்ளையிடமும் பேசினேன். கோடிங் பற்றிக் கேட்டால் 'ம்'. கெமிஸ்ட்ரி என்றதும் அவளே கேட்கிறாள்: "ஒவ்வொண்ணா சேர்த்து, வடிகட்டி, சுத்தம் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போறதுக்குப் பதிலா, எல்லாத்தையும் ஒரே குடுவையில போட்டா என்ன சார்?"

இதற்கென்றே கரிம வேதியியலில் ஒரு பிரிவு இருக்கிறது, பல்கூறு வினைகள். நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தையே பாருங்கள். ஓர் ஆல்டிஹைடு, மெத்தில் அசிட்டோஅசிடேட் இரண்டு பங்கு, அம்மோனியா, இவற்றை ஆல்கஹாலில் சேர்த்துச் சூடாக்கினால் மருந்து மூலக்கூறின் வளையம் தானே மூடிக்கொள்ளும், கழிவாக வருவது தண்ணீர்தான். ஹான்ஷ் என்ற ஜெர்மானியர் 1880களில் காட்டிய வழி இது. 1959இல் ஊகி என்ற வேதியியலாளர் நான்கு பொருள்களை ஒரே கலத்தில் இணைத்தார் (அதில் சேர்க்கும் ஐசோசயனைடு என்ற பொருளின் நாற்றம் தாங்காது, அது வேறு கதை). நான்கிலும் பத்துப் பத்து வகை எடுத்தால் 10,000 புதுச் சேர்மங்களுக்கு வழி உண்டு, மருந்து தேடுபவர்கள் இதை விடுவார்களா? ஒவ்வொரு படியாகச் செய்தால், படிக்கு 80 சதவீதம் கிடைத்தாலும் ஐந்து படி தாண்டினால் கையில் மிஞ்சுவது 33 சதவீதம்தான். ஆனால் ஒரே குடுவையில் கண்டதையெல்லாம் கொட்டினால் பிசின்தான் வரும், எது எதோடு முதலில் சேரும் என்று தெரிந்திருக்க வேண்டும், வேலையே அதுதான்.

பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போடுங்கள், கட்டணம் உங்களை அசைக்காது. பிள்ளை ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., இல்லையென்றால் வேறு நுழைவுத் தேர்வு எழுதித் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிதாக இடம் கிடைக்காது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலையும் பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூரில்தான், அனுப்ப மனசு வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். லேபுக்குள் போய், புகை இழுக்கும் கூண்டில் ஃபேன் ஓடுகிறதா என்று பிள்ளையை விட்டே பார்க்கச் சொல்லுங்கள்.