நரி ரத்தம்: கேட்டதும் சொன்னதும்

டர்பனில் ஓய்வுபெற்ற ஆய்வகக்காரன் நான். ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டியே பாதி ஆயுள் கழிந்தது. நரிகளின் ரத்தப் புரதங்களைப் பற்றிப் போன வாரம் பேச்சு எடுத்ததும் வந்து விழுந்த கேள்விகள் இவை.

டோங்காட் தம்பி: கரூ வறண்ட வெளிப் பக்கம் ராத்திரி ரோட்டைக் கடந்தது நரிதானே ஐயா? முதுகு கறுப்பு.

கறுப்புச் சேணம் போட்டது போல முதுகு இருந்தால் அது ஜாக்கல், நாய்க்குத்தான் நெருங்கிய சொந்தம். நம் தாத்தாக்களுக்கு எல்லாமே நரி! அசல் நரி இனத்தில் இங்கே இருப்பது கேப் நரி மட்டும். மூன்று கிலோ தேறினாலே பெரிது. வௌவால்காது நரி வேறு கிளை. குரோமோசோமை எண்ணிப் பாருங்கள்: கேப் நரிக்கு 36, வௌவால்காதுக்கு 72, ஜாக்கலுக்கும் நாய்க்கும் 78.

சாட்ஸ்வொர்த் அக்கா: ரத்தத்தில் இருக்கும் வேறுபாடு கண்ணுக்கு எப்படித் தெரியும்?

கஞ்சியில்தான் அக்கா! சின்ன வயதில் அம்மா துணிக்குப் போட்ட கஞ்சி ஆறியதும் உறைந்து நின்றது விஞ்ஞானி ஆலிவர் ஸ்மித்தீஸுக்கு நினைவு வந்தது. அதிலிருந்து பிறந்தது மாவு ஜெல்லில் புரதங்களைப் பிரிக்கும் முறை; அதை 1955-ல் வெளியிட்டார். நாங்களும் உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சித் தட்டில் ஊற்றுவோம். கட்டி தட்டினால் அன்றைய வேலை போச்சு. சிவப்பணுக்களைப் பிரித்து, தண்ணீரில் உடைத்து, அந்தச் சாற்றில் வடிதாள் துண்டை நனைத்து ஜெல்லில் கீறிய பிளவில் சொருக வேண்டும், நரிக்கு ஒரு துண்டு. மின்சாரம் பாய்ந்ததும் புரதங்கள் நகரும். மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அதனால் புரதத்தின் மின்சுமை மாறியிருந்தால் அது முன்னேயோ பின்னேயோ நின்றுவிடும். ஜெல்லை மெல்லிசாக அறுத்துச் சாயம் விட்டால் பட்டை பட்டையாகத் தெரியும்.

தாய் வழியில் ஒரு வகை, தகப்பன் வழியில் வேறு வகை என்றால் இரண்டு பட்டை. இரண்டிரண்டாகச் சேர்ந்து இயங்கும் புரதமானால் மூன்று பட்டை, நடுவிலுள்ளது அடர்த்தி. முதல் தடவை அந்த மூன்றைப் பார்த்தபோது ஜெல் கெட்டுவிட்டதென்று குப்பையில் போடப் போனேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்: எல்லா விலங்குக்கும் பட்டை ஒரே இடத்தில் நின்றால்?

நம் நாட்டிலேயே நடந்த கதை சார். 55 தென்னாப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளின் ரத்தத்தில் 47 மரபிடங்களை, அதாவது புரதங்களுக்கான மரபணு இடங்களை, பார்த்தார்கள். ஒன்றில்கூட மாறுதல் இல்லை என்று 1983-ல் வெளிவந்தது. ஆனால் மின்சுமையை மாற்றாத மாறுதல் ஜெல்லில் சிக்காது. பிறகு டிஎன்ஏவைத் துழாவியபோது சிவிங்கிப்புலியிடமும் வேறுபாடு தட்டுப்பட்டது. கலிஃபோர்னியாவை ஒட்டிய சான் நிக்கோலஸ் தீவு நரியிடம் டிஎன்ஏவிலும் அநேகமாக ஒன்றும் இல்லை. ஆகவே பட்டையை மட்டும் நம்பி ‘வேறுபாடே கிடையாது’ என்று எழுதுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

ஃபீனிக்ஸ் தம்பி: பண்ணை நாய்க்கும் கேப் நரிக்கும் பிறந்த குட்டி என்று ஒருவர் விலை சொல்கிறார். வாங்கலாமா?

36-ம் 78-ம் எங்கே ஜோடி சேரும் தம்பி? அது நாய்க்குட்டிதான். பிடித்திருந்தால் நாய்க்குட்டி விலைக்கு வாங்குங்கள்.