கார்பன் திட்டத்துக்காக நம் தேயிலைத் தோட்டத்தை அரசு எடுக்க முடியுமா?

அமெரிக்காவில் கார்பன் குழாய்களுக்காக நிலம் எடுப்பது பற்றிய செய்திகளைப் பார்த்துவிட்டு, கோத்தகிரிப் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்வி இது.

கட்டாய நில எடுப்பு என்றால், பொது நோக்கம் என்று சொல்லி, உரிமையாளர் மறுத்தாலும் இழப்பீடு கொடுத்து நிலத்தை எடுப்பது. அமெரிக்காவில் எத்தனால் ஆலைகளின் கரியமில வாயுவைக் குழாயில் கொண்டுபோய் நிலத்தடியில் புதைக்கத் தனியார் நிறுவனம் கிளம்பியது. தனியார் லாபம் எப்படிப் பொது நோக்கமாகும் என்பதுதான் சண்டையே. தெற்கு டகோட்டா மாநிலம் 2025 மார்ச்சில் இந்தக் குழாய்களுக்குக் கட்டாய எடுப்பையே தடை செய்துவிட்டது.

நம் நாட்டின் 2013 நில எடுப்புச் சட்டப்படி, தனியாருக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் சம்மதிக்க வேண்டும். ஆனால் தொழில்துறைக்கென்று தமிழ்நாட்டுக்குத் தனியாக 1997 நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் அந்தச் சம்மத விதி கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு 1962 சட்டப்படி பயன்பாட்டு உரிமை மட்டும் எடுப்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கு உங்கள் செடிகளுக்கு நடுவே வழி விட்டது போல: நிலம் உங்களுடையதே, ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டவோ மரம் வைக்கவோ முடியாது.

நீலகிரிக்கு அடியில் புதைப்பார்களா? வாயு தங்கப் பொதுவாக நுண்துளையுள்ள படிவுப் பாறை வேண்டும். இங்கே இருப்பது சார்னோக்கைட் என்ற கெட்டியான பாறை; அதனால் அதற்கு வாய்ப்புக் குறைவு.

பட்டா இருந்தால் அரசு தொட முடியாது என்பது தவறு: 1978-இன் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லை, ஆனால் சட்டத்தின் வழியாக அல்லாமல் நிலத்தைப் பறிக்கவும் முடியாது.