வளர்ப்புக் குழந்தைக்குப் பாதி வருஷத்தில் பள்ளி மாற்றலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நானும் கணவரும் நான்கு மாதமாக ஒரு பத்து வயதுப் பெண்ணை வளர்ப்புப் பராமரிப்பில் வைத்திருக்கிறோம். தத்து இல்லை. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, அவளுடைய அம்மா தேறி வரும்வரை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

அவள் படிப்பது அரசுத் தொடக்கப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டு வருஷத்தில் இது அவளுக்கு மூன்றாவது பள்ளி. எங்கள் தெருமுனையிலேயே ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கிறது. "அங்கே சேர்த்துவிடு, பழசெல்லாம் மறந்துடும். அப்படியே உங்க இன்ஷியலையும் போட்டுடு" என்கிறார் நாத்தனார்.

நவம்பர் வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு எழுப்பி இரண்டு இட்லி சாப்பிட வைப்பதற்குள் பெரும் போராட்டம். கணக்கில் கழித்தலுக்கே தடுமாறுகிறாள். காலாண்டுத் தேர்வு புரோகிரஸ் கார்டை மூன்று வாரம் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். போன திங்கட்கிழமை பக்கத்துப் பெண்ணை ஜியாமெட்ரி பாக்ஸால் அடித்துவிட்டாள். ஆனால் அந்தப் பள்ளியை விட்டு வரமாட்டேன் என்று அழுகிறாள். என்ன செய்வது?

— வாசகி, திருச்சி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது மாற்றாதீர்கள். தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிகிறது. ஜூனில் எப்படியும் வேறு பள்ளிதான். ஆறாம் வகுப்பில் முதல் நாள் நிறையப் பேர் புதிதாக வருவார்கள். நவம்பரில் போனால் அவள் ஒருத்திதான் புதுப் பொண்ணு, அதுவும் ஆங்கில வழியில், கழித்தல் தெரியாமல். இன்னொன்றும் இருக்கிறது. அம்மா தேறிவிட்டார் என்று குழு முடிவு செய்தால் அவள் அங்கே திரும்புவாள். அந்த அம்மாவால் மெட்ரிக் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியுமா? முடியாவிட்டால் ஒரே வருஷத்தில் நான்காவது, ஐந்தாவது பள்ளி.

பழசை மறக்க வைப்பது பற்றி நாத்தனார் சொல்வது நல்லெண்ணத்தில்தான். ஆனால் வீடு, தெரு, அம்மா எல்லாம் மாறிவிட்ட இந்தக் குழந்தைக்கு மாறாமல் மிச்சமிருப்பது அந்த வகுப்பறை மட்டும்தான்.

புரோகிரஸ் கார்டை ஏன் ஒளித்தாள்? மார்க் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். "அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று டீச்சர் சொல்லியிருந்தால், எந்த அம்மா என்பதும் அவளுக்குக் கேள்விதான். தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். குழுவின் ஆணை நகல் ஒன்றை அவரிடம் மட்டும் கொடுங்கள். வழக்கின் கதை யாருக்கும் வேண்டாம். இனி கார்டில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள் என்று பேசி வையுங்கள். வகுப்பில் "வீட்டில் கையெழுத்து வாங்கி வா" என்று பொதுவாகச் சொன்னால் போதும். எமிஸ் என்னும் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில் இருக்கும் கைபேசி எண் யாருடையது என்று அன்றைக்கே கேளுங்கள். பல நேரம் அது எப்போதோ அணைந்துபோன எண்ணாக இருக்கும், பள்ளியின் தகவல் ஒன்றும் உங்களுக்கு வந்து சேராது.

எண்ணை மாற்றலாம், பெற்றோர் பெயரையும் இன்ஷியலையும் தொடாதீர்கள். வளர்ப்புப் பராமரிப்பு தத்து ஆகாது. இன்ஷியல் மாறினால் பிறப்புச் சான்றும் ஆதாரும் பள்ளிப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய், பத்தாம் வகுப்பில் அவள்தான் அலைவாள். அம்மாவை அழித்துவிட்டீர்கள் என்றும் அவளுக்குத் தோன்றும்.

அடித்தது திங்கட்கிழமை. முந்தின நாள் அம்மா வந்தாரா? இரண்டு மாதத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: என்ன கிழமை, எந்தப் பீரியட், அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார்கள். சந்திப்புக்கு மறுநாளே இப்படி நடப்பதாகத் தெரிந்தால், சந்திப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றித் தரும்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள். அழுது தீர்க்க ஒரு ஞாயிறு முழுசாகக் கிடைக்கும். குழுவின் விசாரணைத் தேதி தேர்வு நாளில் விழாமல் பார்ப்பதும் அவரிடம் சொல்ல வேண்டியதே. "உங்க அம்மா எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு வரியை அவளோடு சேர்ந்தே தயார் செய்யுங்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, இப்போ பெரியம்மா வீட்ல இருக்கேன்" என்பது போல, பொய் இல்லாமல், சுருக்கமாக. இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகட்டும்.

ஆறு மணி இட்லியை விடுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. வீட்டில் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் போதும். பொங்கலோ உப்புமாவோ தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். அதற்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதே பாதிப் போராட்டத்தைக் குறைக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் அவளுக்கும் டிக்கெட் இலவசம். மழை நாள் ஆட்டோவுக்கு, மிஷன் வாத்சல்யா என்னும் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் வரும் மாதம் 4,000 ரூபாயிலிருந்து எடுக்கலாம். அந்தப் பணம் இதற்கும் சேர்த்துத்தான்.

கணக்குக்கு டியூஷன் இப்போது வேண்டாம். பள்ளி மாறி மாறி வந்த பிள்ளைக்கு மொத்தமாகக் கணக்கு வராது என்பது அபூர்வம். நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால், 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள், கடன் வாங்கும் இடம் புரியவில்லை என்று அர்த்தம். தீக்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுங்கள். தினம் நான்கு கணக்கு, பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளைக் கற்கும் நிலைப்படி பிரித்துச் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவள் எந்த நிலை, அரும்பா, மொட்டா, மலரா என்று கிளாஸ் டீச்சரிடம் கேட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியும்.

பள்ளிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஆபத்தான ஆள் இருந்தால் மட்டும் நடுவருஷம் என்று பார்க்காமல் மாற்றுங்கள், அதுவும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட்டு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பிரிவு தரும் மாறிக்கொள்ளும் உரிமை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குத்தான். தெருமுனை மெட்ரிக் பள்ளியில் அதைக் காட்டி இடம் கேட்க முடியாது.

ஜூனுக்கான பள்ளியை மார்ச்சிலேயே பாருங்கள். உங்கள் வீட்டுக்கும் அவள் அம்மா வீட்டுக்கும் நடுவே, ஒரே பஸ் ரூட்டில் ஓர் அரசுப் பள்ளி கிடைத்தால் அதுவே சரி. நாளை அவள் அம்மாவிடம் திரும்பினாலும் பள்ளி மாறாது. அவளையும் கூட்டிப்போய்க் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். டி.சி. வாங்கும்போதே எமிஸில் அவள் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, அனுப்பிவிட்டார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் புதுப் பள்ளியில் பெயர் ஏறாமல் நிற்கும். இந்த வருஷக் கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், புது டீச்சரிடம் காட்ட வேண்டியிருக்கும்.